கம்பெனி காசில் படிக்கப் போகிறீர்களா? பாண்டை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

என் அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டினவர். 2011 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை தறியை நிறுத்திவிட்டு என்னோடு கோயம்புத்தூருக்கு வந்தார். நான் வேலை பார்த்த வால்வு கம்பெனி என்னைப் பகுதி நேர பி.இ. படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தது. அதற்கு ஒரு பாண்டு, அதாவது படித்து முடித்ததும் இத்தனை காலம் இங்கேயே வேலை பார்ப்பேன், இடையில் போனால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். பாண்டுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து. நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். நோட்டரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுல எவ்வளவுன்னு போட்டிருக்கு கண்ணு?"

"அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிங்கப்பா" என்றேன். எவ்வளவு என்று நானே பார்த்திருக்கவில்லை. மூன்று லட்சம் என்று போட்டிருந்தது. அப்போது என் சம்பளம் மாதம் 9,200 ரூபாய்.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். யாரைப் படிக்க அனுப்பலாம் என்று பரிந்துரைக்கிற இடத்தில் இருக்கிறேன். அதனாலோ என்னவோ, பழைய கம்பெனி, புதுக் கம்பெனி என்று எல்லாப் பக்கமிருந்தும் தம்பிகள் பாண்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இது கோர்ட்ல செல்லுமா?" அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது அப்பா கேட்டதைத்தான். நான் வக்கீல் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கும் விப்ரோ திட்டம் போன்ற பெரிய இடங்களுக்கும் இதே கேள்விகள்தான், தொகைதான் வேறு.

எவ்வளவு?

பாண்டில் இருக்கிற தொகையும் கம்பெனி உண்மையில் செலவு செய்யப் போகிற தொகையும் ஒன்றா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. என் கதையில் ஒரு செமஸ்டருக்குக் கட்டணம் 15,400. பகுதி நேர பி.இ. மூன்றரை வருடம், ஏழு செமஸ்டர். ஆக 1,07,800. பாண்டில் மூன்று லட்சம். மீதி எதற்கு என்று கேட்டிருந்தால் எச்.ஆர். என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் தெரியாது. நான் கேட்கவில்லையே.

நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "பணியாளர் இடையில் விலகினால், கம்பெனி செலுத்திய கட்டணத்தில், மீதமுள்ள மாதங்களுக்கு உரிய பங்கை மட்டும் திருப்பித் தர வேண்டும்." இந்த ஒரு வரி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. என் பாண்டுப்படி படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க வேண்டியது 36 மாதம். 1,07,800 ரூபாயை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 2,994. ஒவ்வொரு மாதச் சம்பள நாளிலும் கடனில் அவ்வளவு கழிகிறது என்று தெரிந்தால் வேலை பார்க்கிற மனநிலையே வேறு. இல்லாவிட்டால் 35 மாதம் உழைத்துவிட்டு ஒரு மாதம் பாக்கி இருக்கும்போது கிளம்பினாலும் முழு மூன்று லட்சம் கேட்பார்கள். பாண்டு எழுத்து அப்படித்தான் இருந்தது.

உங்கள் பக்கச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள். வகுப்பு மாலை ஆறு மணிக்குப் பீளமேட்டில். கம்பெனி அரசூர் பக்கம். அதனால் மூன்றரை வருடமும் ஜெனரல் ஷிப்ட் மட்டும்தான். செகண்ட் ஷிப்ட் அலவன்ஸ் போச்சு, ஓவர்டைம் போச்சு. எனக்கு மாதம் சராசரி 2,200 ரூபாய் குறைந்தது. 42 மாதத்துக்கு 92,400. கம்பெனி போட்டது 1,07,800, நான் இழந்தது 92,400. இதைக் கோர்ட்டில் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் "நாங்க உன்னைப் படிக்க வச்சோம்" என்று யாராவது மேசையைத் தட்டும்போது தலை குனியாமல் உட்கார இந்தக் கணக்கு உதவும்.

எந்தத் தேதியிலிருந்து?

இதுதான் யாரும் பார்க்காத இடம். நான் இங்கேதான் அடி வாங்கினேன்.

என் பாண்டில் "படிப்பை வெற்றிகரமாக முடித்த நாளிலிருந்து 36 மாதங்கள்" என்று இருந்தது. முடித்த நாள் என்றால் எது? கடைசிப் பரீட்சை எழுதிய நாளா, ரிசல்ட் வந்த நாளா, புரொவிஷனல் சர்டிபிகேட் கையில் வாங்கிய நாளா, பட்டமளிப்பு விழாவா? கடைசிப் பரீட்சைக்கும் விழாவுக்கும் நடுவில் எத்தனையோ மாதம் ஓடிவிடும். நான் 2014 டிசம்பரில் கடைசி செமஸ்டர் எழுதினேன். ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்பர் பேப்பரில் ஒரு அரியர் விழுந்தது. அடுத்த முறை எழுதி, ரிசல்ட் வந்து முடிந்தபோது 2015 ஜூன் கடைசி. நான் என் மனதில் 2015 ஜனவரியிலிருந்து மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன். எச்.ஆர். ஜூலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. ஆறு மாத வித்தியாசம். பிறகு கணக்குப் பார்த்தபோது அந்த அரியரின் விலை 17,966 ரூபாய். அந்த வருடம் எங்கள் வகுப்பிலேயே அதிகப் பணம் கட்டி எழுதிய பேப்பர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

"கடைசி செமஸ்டரின் கடைசித் தேர்வு நாளிலிருந்து" என்று எழுதித்தரச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், அரியர் இருந்தாலும் இந்தத் தேதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு எல்லைத் தேதியாவது போடச் சொல்லுங்கள். படிப்பு நடக்கிற காலத்தில் செய்கிற வேலையையும் பாண்டு காலத்தில் பாதியாவது கழிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது. கேட்பதற்குக் காசு இல்லை.

அவர்கள் பக்கம் என்ன எழுதியிருக்கிறது?

நாலு பக்கத்தில் "பணியாளர் செய்ய வேண்டும்" என்று எத்தனை வரி, "கம்பெனி செய்யும்" என்று எத்தனை வரி என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணுங்கள். என்னுடையதில் கம்பெனி செய்யும் என்று இருந்தது ஒரே வரி: கட்டணம் கட்டும். அவ்வளவுதான்.

விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும் என்பேன். ஒன்று, கம்பெனியே ஆளைக் குறைத்தால் பாண்டு என்ன ஆகும். 2020 கொரோனா சமயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியை நாலாவது செமஸ்டரில் வேலையை விட்டு அனுப்பினார்கள். நல்ல வேளை, பழைய கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் மீதி மூன்று செமஸ்டருக்கு அவன் அம்மாவின் நகைதான் போனது. "கம்பெனி தானாக வேலையை விட்டு நீக்கினால், திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை, அந்தக் கல்வியாண்டுக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டும்" என்று இருந்தால் நல்லது. ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் வேறு என்று அவர்கள் சொல்வார்கள், அது நியாயம்தான்.

இரண்டு, நேரம். பரீட்சை நாளுக்கு லீவு எந்தக் கணக்கில்? ஓ.டி. என்றால் எங்களிடம் இரண்டு அர்த்தம், ஓவர்டைமும் ஆன் டூட்டியும். பரீட்சைக்கு ஆன் டூட்டி கொடுப்பார்களா, நம் சி.எல்.லில் (கேஷுவல் லீவில்) கழிப்பார்களா என்று முதல் செமஸ்டருக்கு முன்பே மெயிலில் கேட்டு வையுங்கள்.

மூன்று, கிரேடு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் கம்பெனிகளில் டிப்ளமோ படித்துச் சேர்பவன் டி.இ.டி. (டிப்ளமோ இன்ஜினியர் டிரெய்னி), டிகிரி படித்துச் சேர்பவன் ஜி.இ.டி. (கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி). இரண்டும் வேறு வேறு ஏணி. நான் 2008இல் டி.இ.டி.யாகச் சேர்ந்தேன். ஏழு வருட அனுபவம், கையில் பி.இ. சர்டிபிகேட், அதுவும் அவர்களே காசு கட்டி வாங்கிக்கொடுத்தது. அதைக் கொண்டுபோய்ப் பெர்சனல் ஃபைலில் வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வருடம் கல்லூரியிலிருந்து நேராக வந்த ஒரு பையன் ஜி.இ.டி.யாகச் சேர்ந்தான். அசெம்பிளி லைனில் பிரஷர் டெஸ்ட் எப்படி எடுப்பது என்று அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் சம்பளம் என்னுடையதைவிட இரண்டாயிரம் அதிகம். பையன் மேல் கோபம் இல்லை, டீ அவன்தான் வாங்கித்தருவான். எச்.ஆரிடம் போய்க் கேட்டேன். "நீங்க சேர்ந்தது டிப்ளமோ கேடர்ல. பாலிசி அப்படித்தான்" என்றார்கள். நான் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று லட்சம் இருக்கிறதே.

அன்றுதான் புரிந்தது, பாண்டு என்பது கட்டணத்துக்கு மட்டும் ஜாமீன் இல்லை, மூன்று வருடம் சம்பள உயர்வு கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் என்று. ஆகவே கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: டிகிரி வந்து எத்தனை மாதத்துக்குள் கிரேடு மாறும்? புது ஜி.இ.டி.யின் சம்பளத்துக்குக் குறையாமல் இருக்குமா? வாயால் சொன்னால், வீட்டுக்கு வந்ததும் "இன்று நீங்கள் சொன்னபடி" என்று ஆரம்பித்து ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பியது அனுப்பியதுதான்.

கொடுக்கக் கூடாதவை

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். "எல்லோரும் கொடுத்திருக்காங்க" என்பது காரணம் இல்லை.

தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பாண்டு தகராறு சிவில் விவகாரம். செக் பவுன்ஸ் ஆனால் அது செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு, கிரிமினல். இரண்டு வருடம் வரை சிறை என்று அதில் இருக்கிறது. விருப்பப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கும் கடனுக்காகக் கொடுத்ததாகவே முதலில் கருதப்படும், இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தொகையை எழுதி, பின்பக்கம் "இந்தத் தேதியிட்ட பாண்டுக்கான ஜாமீன்" என்று எழுதி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஜாமீன்தாரர் விஷயம். அப்பாவோ மாமாவோ போடுகிற கையெழுத்துச் சாட்சிக் கையெழுத்து இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, நமக்கு எவ்வளவு பொறுப்போ அவருக்கும் அவ்வளவு பொறுப்பு. நம்மை விட்டுவிட்டு நேராக அவரிடமே கேட்கலாம். அதை அவருக்குத் தமிழில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நான் சொல்லவில்லை.

படிக்கும்போது

ஒவ்வொரு செமஸ்டர் கட்டண ரசீதும் உங்களிடம் ஒரு நகல் இருக்கட்டும். கம்பெனி நேராகக் கல்லூரிக்குக் கட்டினாலும் கல்லூரி ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். நான் ஏழு ரசீதையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன், புத்திசாலித்தனத்தால் இல்லை, பழக்க தோஷத்தால். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தக் கவர்தான்.

அப்புறம், ஆட்கள். என் ஃபோர்மேன் அண்ணன் மூன்றரை வருடம் தினமும் ஐந்தே காலுக்கு என் பெஞ்சுக்கு வந்து, "கெளம்புப்பா, பஸ் போயிரும்" என்று விரட்டுவார். ஷிப்ட் ஐந்தரை வரை. அந்தக் கால் மணி நேரத்தை அவர் எந்த ரெஜிஸ்டரிலும் எழுதவில்லை. டிஸ்பாட்ச் நெருக்கடி நாளில் என் பெஞ்சில் அவரே நின்றிருக்கிறார். பாண்டில் அவர் பெயர் எங்கும் இல்லை. கம்பெனிக்கு நான் பட்டது கடன், தவணை போட்டு அடைக்கலாம். இவருக்குப் பட்டது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, கம்பெனியை விட்டுப் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிற பையன்களை நிறையப் பார்க்கிறேன். வேலையை விட்டாலும் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகலாம். நான் போகிறேன்.

கிளம்ப வேண்டி வந்தால்

இப்போது "செல்லுமா" கேள்விக்கு வரலாம். "பாண்டெல்லாம் வெறும் பேப்பர்" என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடம் வேலை பார்க்காவிட்டால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. பொதுத்துறை வங்கி திறந்த போட்டி வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும், அதற்குச் செலவும் காலமும் ஆகும் என்பதையும் எடுத்துக்கொண்டார்கள். அதில் படிப்புச் செலவுகூட இல்லை. கட்டணமே கட்டியிருக்கிற பாண்டை லேசாக நினைக்க முடியாது.

அதே சமயம், போட்ட தொகையை அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எழுதியிருக்கிற தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2011இல் முடிந்த சிக்பா இந்தியா வழக்கு நல்ல உதாரணம். பாண்டு இரண்டு லட்சம், மூன்று வருடம். பயிற்சிக்கு ஆன செலவு 67,595. ஆள் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனார். கம்பெனிக்குக் கிடைத்தது 22,532, அதாவது செலவில் மூன்றில் ஒரு பங்கு. நான் 2017 ஜனவரியில் ராஜினாமா மெயில் அனுப்பியபோது இந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து ரசீதுக் கவருக்குள் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

முதல் நாள் மூன்று லட்சம் என்றார்கள். நான் சண்டை போடவில்லை. ஏழு ரசீது, ஒரு கணக்குத் தாள், தீர்ப்பு, மூன்றையும் மேசையில் வைத்து, "நான் கொடுக்க மாட்டேன்னு சொல்லலைங்க, எவ்வளவுன்னுதான் கேக்கறேன்" என்றேன். மூன்று வாரம் இழுத்தது. 25 மாதம் முடிந்துவிட்டது, 11 மாதம்தான் பாக்கி என்பது என் வாதம். அரியர் காரணமாக 19தான் முடிந்தது, 17 பாக்கி என்பது அவர்கள் வாதம். பாண்டு எழுத்து அவர்கள் பக்கம் இருந்தது, விட்டுக்கொடுத்தேன். 17 மாதத்துக்கு 50,905. முழுசாக்கி 51,000க்கு டி.டி. எடுத்தேன். நோட்டீஸ் காலத்தை ஒரு நாள் குறையாமல் முடித்தேன். அங்கே குறை வைத்தால் பேச்சு திசை மாறிவிடும்.

சில சில்லறை விஷயங்கள். புதுக் கம்பெனி பாண்டுப் பணத்தைத் தருகிறேன் என்றால் சந்தோஷம், ஆனால் அதற்கு ஒரு புதுப் பாண்டு வருகிறதா என்று பாருங்கள். பி.எஃப். பணத்தைக் காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள்; அதைக் கடனுக்காகப் பிடித்துவைக்கச் சட்டம் விடாது. நாம் விலகிய தேதியைக் கம்பெனி பி.எஃப். கணக்கில் போடாமல் இழுத்தால் இரண்டு மாதம் கழித்து நாமே பி.எஃப்.பின் யு.ஏ.என். தளத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒரு தம்பிக்குப் பாண்டுத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேட்டிருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதி வந்த மத்திய அரசின் 178ஆம் எண் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கையில், வேலையை முன்கூட்டியே விட்டதற்காகக் கட்டும் பாண்டுத் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று தெளிவாக இருக்கிறது. அதை அனுப்பியதும் அந்த வரி பில்லிலிருந்து காணாமல் போனது.

பணம் கட்டுகிற அன்றே, ரிலீவிங் லெட்டரோடு மூன்று கேளுங்கள்: பணம் பெற்றதற்கு ரசீது, பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு கடிதம், பாண்டின் ஒரிஜினல். கடிதத்தில் ஜாமீன்தாரர் பெயரும் வர வேண்டும், அவரும் விடுவிக்கப்பட்டார் என்று. என் கடிதத்தின் முதல் நகலில் அப்பா பெயர் இல்லை. திருப்பிக் கொடுத்து, வேறு டைப் அடித்து வரும்வரை ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. வந்ததும் வாங்கிக்கொண்டு நேராகச் சோமனூர் பஸ் ஏறிவிட்டேன்.